வளரும் நாட்டில் அணுமின் திட்டம்: அறிக்கையை எடைபோடும் முறை

அணுமின் நிலையம் அமைக்கப் போவதாக ஒரு வளரும் நாடு அறிவிக்கும்போது வெளியாகும் ஆவணங்களில் பெரும்பகுதி உலையைப் பற்றியே பேசும். அது எந்தத் தலைமுறையைச் சேர்ந்தது, உலையைச் சூழ்ந்த கான்கிரீட் சுவரின் தடிமன் எவ்வளவு, பெரும் விபத்துக்கான வாய்ப்பு எத்தனை லட்சத்தில் ஒன்று என்றெல்லாம் பக்கம் பக்கமாக விவரித்திருப்பார்கள். அவை தேவையற்ற விவரங்கள் அல்ல. ஆனால் கடந்த ஐம்பது ஆண்டுகளில் வளரும் நாடுகளின் அணுமின் திட்டங்கள் தடுமாறிய இடங்களை எடுத்துப் பார்த்தால், உலையின் இயற்பியல் அதற்குக் காரணமாக இருந்தது அரிது. மின்தொகுப்பின் (மின்நிலையங்களையும் பயனர்களையும் இணைக்கும் வலையமைப்பின்) அளவு, கடனுக்கான வட்டி, ஒப்பந்த நிபந்தனைகள், கண்காணிக்க வேண்டிய அமைப்பின் பலவீனம் ஆகியவையே பெரும்பாலும் திட்டத்தை இழுத்தடித்திருக்கின்றன அல்லது கைவிட வைத்திருக்கின்றன. ஆகவே திட்ட அறிக்கையை முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படிப்பதைவிட, நாடு எங்கே சிக்கிக்கொள்ளக்கூடும் என்ற வரிசையில் படிப்பது பயன் தரும். செய்தியாளர், மாணவர், மக்கள் பிரதிநிதி என யார் படித்தாலும் கேட்க வேண்டிய கேள்விகளை அந்த வரிசையிலேயே கீழே தந்திருக்கிறேன். ஆதரவா எதிர்ப்பா என்று முன்கூட்டியே முடிவெடுத்துவிட்டவருக்கு இது அதிகம் உதவாது.

நன்மைகளைச் சரியாக அளந்துகொள்ளுங்கள்

அணுமின்சாரம் தரும் நன்மைகள் உண்மையானவை. அவற்றைக் குறைத்துச் சொல்லிவிட்டுத் திட்டத்தை எடைபோட்டால் தராசு முதலிலேயே சாய்ந்துவிடும். 1000 மெகாவாட் உலை ஒன்றுக்கு ஆண்டுக்குச் சுமார் 25 டன் செறிவூட்டப்பட்ட யுரேனிய எரிபொருள் போதும். அதே அளவு நிலக்கரி மின்நிலையம் ஆண்டுக்கு 30 லட்சம் டன் வரை நிலக்கரியை எரிக்கும். நிலக்கரியையோ எரிவாயுவையோ இறக்குமதி செய்தே மின்சாரம் தயாரிக்கும் நாட்டுக்கு இந்த வேறுபாடு மிகப் பெரியது, ஏனெனில் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கான எரிபொருளை நிலைய வளாகத்திலேயே இருப்பு வைத்துக்கொள்ள முடியும். உற்பத்திச் செலவில் எரிபொருளின் பங்கு பொதுவாக 10 முதல் 20 விழுக்காடு மட்டுமே என்பதால், யுரேனியத்தின் விலை இரட்டித்தாலும் மின்சாரத்தின் விலை சிறிதளவே உயரும். எரிவாயு நிலையத்தில் நிலைமை நேர்மாறானது. காலநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையேயான குழு 2014இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, கட்டுமானம், சுரங்கம் அனைத்தையும் சேர்த்துக் கணக்கிட்டாலும் ஒரு யூனிட் அணுமின்சாரத்துக்கு வெளியாகும் கரிம வாயு நடுமதிப்பாக 12 கிராம். நிலக்கரிக்கு 820 கிராம். சரியாகப் பராமரிக்கப்பட்ட உலை 60 ஆண்டுகள் இயங்கும். இரவு, பகல், காற்றில்லாப் பருவம் என்ற வேறுபாடின்றி இயங்கும்.

இந்தப் பட்டியலை வாசிக்கும்போது ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். இந்த நன்மைகள் எல்லாம் நிலையம் கட்டி முடிக்கப்பட்டு, ஆண்டின் பெரும்பகுதி முழுத்திறனில் இயங்கினால் மட்டுமே கிடைப்பவை. அந்த ‘ஆல்’ நிறைவேறுமா என்பதைச் சோதிப்பதுதான் அடுத்து வரும் கேள்விகளின் வேலை.

மின்தொகுப்பு தாங்குமா?

அறிக்கையில் முதலில் தேட வேண்டிய எண், நாட்டின் மின்தொகுப்பின் அளவு. தனியொரு உலையின் திறன் மின்தொகுப்பின் மொத்தத் திறனில் சுமார் 10 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது என்பது பன்னாட்டு அணுசக்தி முகமை நீண்டகாலமாகச் சொல்லிவரும் பொது விதி. இதற்கான காரணம் எளிது. எந்த உலையும் ஏதாவது ஒரு நாள் திடீரென நின்றுபோகும். அந்தக் கணத்தில் மின்தொகுப்பின் அதிர்வெண் (மின்னோட்டம் நொடிக்கு அதிரும் எண்ணிக்கை) சரியத் தொடங்கும். மற்ற நிலையங்கள் சில நொடிகளுக்குள் அந்தக் குறையை நிரப்பியாக வேண்டும். 20,000 மெகாவாட் ஓடும் தொகுப்பில் 1200 மெகாவாட் மறைந்தால் சமாளிக்கலாம். உச்சத் தேவையே 2,500 மெகாவாட் உள்ள நாட்டில் அதே 1200 மறைந்தால் நாடு முழுவதும் இருளில் மூழ்கும்.

திட்ட அறிக்கைகள் பெரும்பாலும் நிறுவுதிறனையோ (எல்லா நிலையங்களும் சேர்ந்து தரக்கூடிய உச்ச அளவையோ) உச்சத் தேவையையோதான் காட்டும், அதுவும் பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் வரவிருப்பதாக மதிப்பிடப்பட்ட எண்ணைக் காட்டும். நீங்கள் தேட வேண்டியது மிகக் குறைந்த தேவை நிலவும் நேரத்தின் எண்ணை. விடுமுறை நாளின் பின்னிரவில் தொகுப்பில் எவ்வளவு மின்சாரம் ஓடுகிறதோ, அந்த அளவோடுதான் உலையின் அளவை ஒப்பிட வேண்டும். எதிர்காலத் தேவை குறித்த மதிப்பீடு எந்த ஆண்டில் செய்யப்பட்டது, அதற்கு முந்தைய மதிப்பீடுகள் எந்த அளவுக்குப் பலித்தன என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அந்த எண்ணை எவ்வளவு நம்பலாம் என்பது விளங்கும்.

தொகுப்பு பலவீனமாக இருப்பது பொருளாதாரச் சிக்கல் மட்டுமல்ல, பாதுகாப்புச் சிக்கலும்கூட. உலையை நிறுத்திய பிறகும் எரிபொருளில் உள்ள கதிரியக்கப் பொருள்கள் சிதைந்து வெப்பத்தை வெளியிட்டுக்கொண்டே இருக்கும். 3000 மெகாவாட் வெப்பத்தில் ஓடும் உலையை நிறுத்திய உடனே அந்த எஞ்சிய வெப்பம் சுமார் 200 மெகாவாட் இருக்கும். ஒரு நாள் கழித்தும் ஏறத்தாழ 15 மெகாவாட் மீதமிருக்கும். அதை அகற்றும் பம்புகளுக்கு மின்சாரம் வேண்டும், அது வழக்கமாக வெளித் தொகுப்பிலிருந்தே வருகிறது. 2011 மார்ச் 11 அன்று ஃபுகுஷிமாவில் நிலநடுக்கம் வெளியிலிருந்து வந்த மின்தடங்களைத் துண்டித்தது, பின்னர் வந்த ஆழிப்பேரலை டீசல் மின்னாக்கிகளை முடக்கியது. குளிர்விக்க மின்சாரம் இல்லாததால் மூன்று உலைகளின் மையங்கள் உருகின. எனவே கடந்த ஐந்து ஆண்டுகளில் நாடு தழுவிய மின்தடை எத்தனை முறை ஏற்பட்டது, தொகுப்பின் அதிர்வெண் எந்த எல்லைக்குள் ஊசலாடுகிறது, நிலையத்துக்கு வெவ்வேறு திசைகளிலிருந்து எத்தனை மின்தடங்கள் வரப்போகின்றன ஆகிய மூன்றையும் கேட்டுப் பெறாமல் அடுத்த அத்தியாயத்துக்குப் போகாதீர்கள்.

மின்தடங்களுக்கான காலஅட்டவணையும் செலவும் பல நேரங்களில் திட்ட அறிக்கைக்கு வெளியே, வேறொரு துறையின் கோப்பில் கிடக்கும். வங்கதேசத்தின் ரூப்பூரில் தலா 1200 மெகாவாட் கொண்ட இரண்டு உலைகளில் முதலாவதன் கட்டுமானம் 2017 நவம்பரில் தொடங்கியது. அங்கிருந்து மின்சாரத்தை வெளியே கொண்டுசெல்லும் தடங்கள், குறிப்பாகப் பத்மா, ஜமுனா ஆகிய பேராறுகளைக் கடக்க வேண்டிய பகுதிகள், உலையின் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் பின்தங்கின. பழைய தலைமுறையில் இந்தச் சிக்கல் சற்றுக் குறைவு. 1972இல் கராச்சியில் இயங்கத் தொடங்கிய உலையின் திறன் 137 மெகாவாட்தான். இந்தியாவும் நீண்ட காலம் 220 மெகாவாட் உலைகளையே வரிசையாகக் கட்டியது. இன்று ஏற்றுமதிச் சந்தையில் கிடைக்கும் உலைகள் பெரும்பாலும் 1000 முதல் 1400 மெகாவாட் வரையிலானவை. வாங்கும் நாட்டின் தொகுப்புக்கு ஏற்றபடி அவை சுருங்குவதில்லை.

வட்டியை நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்

அணுமின்சாரத்தின் விலை என்பது பெருமளவு கடனின் விலை. அறிக்கையில் ‘ஒரு யூனிட் இத்தனை சென்ட்’ என்று எழுதியிருந்தால், அதற்கு அடியில் ஒளிந்திருக்கும் மூன்று ஊகங்களைத் தோண்டி எடுக்க வேண்டும்: வட்டி விகிதம், கட்டுமான ஆண்டுகள், ஆண்டுக்கு எத்தனை விழுக்காடு திறனில் உலை ஓடும் என்ற மதிப்பீடு. இந்த மூன்றும் சொல்லப்படாத இடத்தில் கொடுக்கப்படும் விலைக்கு எந்தப் பொருளும் இல்லை.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 1000 மெகாவாட் உலை. வட்டியைச் சேர்க்காமல் கட்டுமானச் செலவு 500 கோடி டாலர். ஆண்டு சராசரியாக 85 விழுக்காடு திறனில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு உற்பத்தி சுமார் 744 கோடி யூனிட். பணம் ஆறு ஆண்டுகளில் சீராகச் செலவாகி, வட்டி 5 விழுக்காடாக இருந்தால், கட்டி முடிக்கும் நாளில் கடன் 581 கோடி டாலராகியிருக்கும். அதை 30 ஆண்டுகளில் சம தவணைகளில் அடைக்க ஆண்டுக்கு 37.8 கோடி டாலர் வேண்டும்; அதாவது ஒவ்வொரு யூனிட்டின் மேலும் 5.1 சென்ட் கடன் சுமை ஏறுகிறது. இதே நிலையத்துக்கு வட்டி 10 விழுக்காடு என்றால், கட்டி முடிக்கும் நாளில் கடன் 674 கோடி, ஆண்டுத் தவணை 71.5 கோடி, யூனிட்டுக்கு 9.6 சென்ட். இடமும் உலையும் மாறவில்லை. வட்டி மட்டும் மாறியதில் சுமை ஏறத்தாழ இரட்டித்துவிட்டது.

இப்போது தாமதத்தைச் சேருங்கள். அதே 500 கோடி, ஆறு ஆண்டுகளுக்குப் பதில் பத்து ஆண்டுகளில் செலவாகிறது. ஒரு டாலர்கூடக் கூடுதல் பொருள் வாங்கப்படவில்லை என்றே கொள்வோம். 10 விழுக்காடு வட்டியில் கடன் 836 கோடியாக ஊதுகிறது, யூனிட்டுக்கு 11.9 சென்ட் ஆகிறது. 5 விழுக்காடு வட்டியில் இதே தாமதம் 5.1 சென்ட்டை 5.6 ஆக மட்டுமே உயர்த்துகிறது. அதாவது ஏழை நாடு தாமதத்துக்குப் பணக்கார நாட்டைவிட அதிக விலை கொடுக்கிறது, ஏனெனில் அது கடன் வாங்கும் வட்டியே அதிகம். அடுத்து, ஆறு ஆண்டுகளில் கட்டி முடித்தும், தொகுப்பின் குறைபாட்டாலோ பழுதுகளாலோ உலை 60 விழுக்காடு திறனில்தான் ஓடுகிறது என்றால், 10 விழுக்காடு வட்டியில் 9.6 சென்ட் 13.6 ஆகிவிடும். இயக்கம், எரிபொருள், கழிவு மேலாண்மை, இறுதியில் நிலையத்தைக் கலைக்கும் செலவு ஆகியவை இவற்றில் சேரவில்லை.

தாமதம் என்பது கற்பனை அல்ல. நீண்ட அனுபவமுள்ள நாடுகளே அதிலிருந்து தப்பவில்லை: பின்லாந்தில் 2005இல் தொடங்கிய ஒல்கிலுவோட்டோ மூன்றாம் உலை 2009இல் முடிய வேண்டியது, 2023இல்தான் முறையாக இயங்கத் தொடங்கியது, பிரான்சின் ஃபிளமான்வில் மூன்றாம் உலை 2007இல் தொடங்கி 2024 டிசம்பரில்தான் தொகுப்புடன் இணைந்தது. ஆகவே அறிக்கையில் ஆறு ஆண்டு என்று இருந்தால், அதே வடிவமைப்பு உலை வேறெங்கே கட்டப்பட்டது, அங்கே உண்மையில் எத்தனை ஆண்டுகள் ஆயின என்று கேளுங்கள். இதற்கு முன் எங்கும் கட்டி முடிக்கப்படாத வடிவமைப்பை முதலில் வாங்கும் நாடாக ஒரு வளரும் நாடு இருக்கக் கூடாது என்பது என் கருத்து. அந்தப் பரிசோதனைச் செலவை ஏற்கப் பணக்கார நாடுகளே திணறுகின்றன.

நாணயத்தையும் மறந்துவிடக் கூடாது. கடன் டாலரில் இருக்கும். மின்கட்டணம் உள்நாட்டு நாணயத்தில் வசூலாகும். நாணயத்தின் மதிப்பு டாலருக்கு 100லிருந்து 150ஆக வீழ்ந்தால், கட்டணத்தை ஒரு காசும் உயர்த்தாத நிலையில், தவணைச் சுமை பாதியளவு கூடிவிடும். மின்வாரியம் ஏற்கெனவே நட்டத்தில் இருக்கும் நாடு என்றால், அந்தக் கூடுதல் தொகை இறுதியில் அரசின் வரவுசெலவுத் திட்டத்தில்தான் வந்து விழும்.

யாருடைய பணம், யாருடைய பொறுப்பு?

ஒப்பந்த வகையைப் பார்த்தவுடனேயே ஆபத்து யார் தலையில் இறங்குகிறது என்பதை ஓரளவு கணித்துவிடலாம். ரூப்பூரில் 1,265 கோடி டாலர் திட்டச் செலவில் 90 விழுக்காடு ரஷ்ய அரசின் கடன். நிலையத்தின் உரிமையும் கடனும் வங்கதேசத்தினுடையவை. எகிப்தின் எல் தபாவிலும் ரஷ்யக் கடன்தான். 2,500 கோடி டாலர், வட்டி 3 விழுக்காடு. துருக்கியின் அக்குயு வேறு வகை: ரஷ்ய நிறுவனமே கட்டி, சொந்தமாக வைத்திருந்து, இயக்கும். துருக்கி அதற்குப் பதிலாக, உற்பத்தியின் ஒரு பகுதியை 15 ஆண்டுகளுக்கு யூனிட்டுக்கு 12.35 சென்ட் விலையில் வாங்கிக்கொள்ள உறுதியளித்தது. கட்டுமானத் தாமதத்தின் நட்டம் அங்கே பெருமளவு விற்பனையாளருக்கு. ஆனால் நாட்டின் எல்லைக்குள் பிற நாட்டின் நிறுவனத்துக்குச் சொந்தமான அணுமின் நிலையம் இருக்கும் என்பதை ஏற்றுக்கொள்ள வேண்டும்.

அரசுக் கடனோடு வெளியுறவுக் கொள்கையும் சேர்ந்தே வருகிறது. 2022இல் ரஷ்யா மீது பொருளாதாரத் தடைகள் விதிக்கப்பட்ட பின், ரூப்பூருக்கான தவணையை எந்த நாணயத்தில், எந்த வங்கி வழியாகச் செலுத்துவது என்பதே வங்கதேசத்துக்குத் தலைவலியாயிற்று. தடை ஏற்பட்டால் பணப் பரிமாற்றமும் உதிரிபாக வரத்தும் எப்படி நடக்கும் என்று ஒப்பந்தம் சொல்கிறதா என்று பாருங்கள். உலக வங்கி 1959இல் இத்தாலிக்குக் கொடுத்த ஒரே கடனுக்குப் பிறகு எந்த அணுமின் நிலையத்துக்கும் நிதியளிக்கவில்லை; அணுமின்சாரத்துக்கு நிதியளிப்பதில்லை என்ற தடையை 2025 ஜூன் மாதத்தில்தான் விலக்கிக்கொண்டது. இது வளரும் நாடுகளுக்குக் குறைந்த வட்டியில் மாற்று வழியைத் திறக்கக்கூடும் என்றாலும், அந்தப் பணம் புதிய உலைகளுக்கு எவ்வளவு வேகமாக வரும் என்பதை நம்பி இன்று ஒரு திட்டத்தை வரையக் கூடாது.

விபத்து இழப்பீட்டுச் சட்டத்தையும் இதே அமர்வில் படித்துவிடுங்கள். உலக அளவில் வழக்கமான ஏற்பாடு, பொறுப்பு முழுவதையும் நிலையத்தை இயக்குபவர் மேல் சுமத்தி, அதற்கு ஓர் உச்சவரம்பு வைப்பது. இந்தியா 2010இல் இயற்றிய சட்டம் உதிரிபாகம் வழங்கியவரிடமிருந்தும் இழப்பீட்டைத் திரும்பப் பெற வழிசெய்தபோது, வெளிநாட்டு விற்பனையாளர்கள் பல ஆண்டுகள் தயங்கி நின்றார்கள். இயக்குபவர் அரசு நிறுவனமாக இருந்தால் உச்சவரம்புக்கு மேற்பட்ட இழப்பும், பல நேரம் அதற்கு உட்பட்ட இழப்பும், வரி செலுத்துபவரின் கணக்கில்தான் சேரும்.

கண்காணிப்பவர் யார்?

ஒழுங்குமுறை ஆணையம் எந்த அமைச்சகத்தின் கீழ் வருகிறது என்ற ஒற்றைக் கேள்விக்கான விடை, பல நூறு பக்கப் பாதுகாப்பு அறிக்கையைவிட அதிகம் சொல்லும். ஃபுகுஷிமா விபத்தின்போது ஜப்பானின் அணுப் பாதுகாப்பு அமைப்பு, அணுமின்சாரத்தை வளர்க்கும் பொறுப்புள்ள அமைச்சகத்துக்குள்ளேயே இருந்தது. அந்நாட்டு நாடாளுமன்றம் அமைத்த விசாரணைக் குழு, அரசுக்கும் கண்காணிப்பாளருக்கும் மின்நிறுவனத்துக்கும் இடையிலான உடன்பாட்டுப் போக்கைச் சுட்டிக்காட்டி, அது மனிதர்களால் நேர்ந்த பேரிடர் என்று 2012இல் அறிவித்தது. தொழில்நுட்பத்தில் முன்னணியில் இருந்த நாட்டிலேயே இப்படி என்றால், கண்காணிப்பு அமைப்புகளுக்குப் பொதுவாகவே அதிகாரமும் ஆளும் குறைவான நாட்டில் இதைக் கூடுதல் கவனத்துடன் சோதிக்க வேண்டும். ஆணையத்தின் தலைவரை நியமிப்பவர் யார், பதவியிலிருந்து நீக்குபவர் யார், நிதி எங்கிருந்து வருகிறது, உலையை நிறுத்தும்படி ஆணையிட அதற்கு அதிகாரம் உண்டா, அதன் ஆய்வறிக்கைகள் பொதுவெளியில் கிடைக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

கண்டிப்பான கண்காணிப்பு எப்படி இருக்கும் என்பதற்கு ஐக்கிய அரபு அமீரகத்தின் பராக்கா நிலையம் நல்ல சான்று. 2009 டிசம்பரில் தென்கொரிய நிறுவனத்துடன் சுமார் 2,000 கோடி டாலருக்கு ஒப்பந்தமாகி, நான்கு ஒரேமாதிரியான உலைகளை அடுத்தடுத்துக் கட்டியதால் பின்னர் வந்தவை அனுபவத்தின் பலனைப் பெற்றன. முதல் உலையின் கட்டுமானம் 2018இலேயே நிறைவடைந்ததாக அறிவிக்கப்பட்டது. ஆனால் உலையை இயக்கும் பணியாளர்களின் பயிற்சியும் தயார்நிலையும் போதாது என்பதால் இயக்க உரிமம் 2020 பிப்ரவரியில்தான் கிடைத்தது. தயாராக நிற்கும் நிலையத்தைப் பூட்டி வைப்பது எவ்வளவு செலவு என்பது மேலே போட்ட வட்டிக் கணக்கிலிருந்தே தெரியும். அந்த அழுத்தத்தைத் தாங்கும் ஆணையம் வேண்டும். அதைத் தாங்கும் பணமும் அமீரகத்திடம் இருந்தது. எல்லா நாடுகளிடமும் இருக்காது.

புதிதாக அணுமின்சாரத்துக்கு வரும் நாடுகளுக்காகப் பன்னாட்டு அணுசக்தி முகமை 2007இல் வெளியிட்ட வழிகாட்டுதல், சட்டம், மனிதவளம், நிதி, மின்தொகுப்பு, கழிவு, அவசரகால ஏற்பாடு என 19 உள்கட்டமைப்புக் கூறுகளை மூன்று கட்டங்களாகப் பிரிக்கிறது. முதல் சிந்தனையிலிருந்து மின்சாரம் வரும் வரை 10 முதல் 15 ஆண்டுகள் ஆகும் என்று அதுவே சொல்கிறது. நாடு விரும்பி அழைத்தால் முகமையின் ஆய்வுக் குழு வந்து குறைகளைப் பட்டியலிடும். அந்த ஆய்வு நடந்ததா, நடந்திருந்தால் முழு அறிக்கை வெளியிடப்பட்டதா, பரிந்துரைகளில் எவை நிறைவேறின என்று கேட்பது ஒரு தொடக்கக்காரரும் செய்யக்கூடிய, ஆனால் அதிகாரிகளால் எளிதில் தட்டிக்கழிக்க முடியாத கேள்வி.

நீர், எரிபொருள், கழிவு

இடத் தேர்வைப் பற்றிய பகுதியில் நிலநடுக்க ஆய்வை எல்லோரும் தேடுவார்கள். நீரைத் தேடுபவர்கள் குறைவு. உலையின் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது, மீதியை எங்காவது விட்டாக வேண்டும். கடற்கரையில் அது கடலுக்குப் போகும். உள்நாட்டில் குளிர்விப்புக் கோபுரம் வைத்தால் 1000 மெகாவாட் நிலையம் நாளொன்றுக்குச் சுமார் ஆறு கோடி லிட்டர் நீரை ஆவியாக்கிவிடும். அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்தில் உள்ள பாலோ வெர்டே நிலையம் நகரக் கழிவுநீரைச் சுத்திகரித்தே இதைச் சமாளிக்கிறது, ஆக வழியில்லாத சிக்கல் அல்ல. ஆனால் ஆற்றின் சராசரி நீரோட்டத்தைக் காட்டும் அறிக்கையை ஏற்காமல், மிக வறண்ட ஆண்டின் கோடைக்கால நீரோட்டத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

எரிபொருள் குறித்து: யுரேனியத்தைப் பல நாடுகளிடம் வாங்கலாம். ஆனால் எரிபொருள் கற்றைகள் அந்தந்த உலை வடிவமைப்புக்கென்றே தயாரிக்கப்படுபவை. ரஷ்ய வடிவமைப்பு உலைகளுக்கு வேறு நிறுவனத்தின் எரிபொருளைப் பயன்படுத்த உக்ரைன் 2005இலேயே சோதனையைத் தொடங்கியும், அந்த மாற்றத்துக்குப் பல ஆண்டுகள் பிடித்தன. இரண்டாவது விற்பனையாளர் யார் என்று ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன்பே கேட்க வேண்டும்.

கழிவு விஷயத்தில் ‘விற்பனையாளரே திரும்ப எடுத்துக்கொள்வார்’ என்ற ஒரு வரியோடு பல அறிக்கைகள் நின்றுவிடுகின்றன. அந்த வரியைப் பிரித்துப் பார்க்க வேண்டும். உலையிலிருந்து எடுத்த எரிபொருள் முதலில் சில ஆண்டுகளாவது நிலையத்தின் நீர்த்தொட்டியில் குளிர வேண்டும். அதுவரை அது வாங்கிய நாட்டின் பொறுப்பே. எடுத்துச் செல்வதற்கான கட்டணம் இப்போதே நிர்ணயிக்கப்பட்டுள்ளதா? மறுசுழற்சிக்குப் பின் எஞ்சும் உயர்நிலைக் கழிவு எங்கே தங்கும், அல்லது திரும்பி வருமா? அறுபது ஆண்டுகளில் ஓர் உலையிலிருந்து 1,500 டன் அளவுக்குச் சேரும் எரிபொருளைப் பற்றிய கேள்வி இது. பின்லாந்து தன் நிலத்தடிக் களஞ்சியத்துக்கான இடத்தேடலை 1980களில் தொடங்கி, நாடாளுமன்ற ஒப்புதலை 2001இல் பெற்று, 400 மீட்டருக்கும் கீழே பாறையைக் குடைந்திருக்கிறது. நிலையான ஆட்சியும் ஒத்துழைக்கும் மக்களும் இருந்தும் இத்தனை பத்தாண்டுகள். கழிவுக்கும் இறுதிக் கலைப்புக்கும் ஒவ்வொரு யூனிட்டிலும் ஒரு சிறு தொகையைப் பிடித்துத் தனி நிதியத்தில் சேர்ப்பது வழக்கம். அந்த நிதியம் அரசின் பொதுக் கணக்கிலிருந்து பிரிக்கப்பட்டதா என்பதைச் சரிபாருங்கள். நெருக்கடி வரும் ஆண்டில் அமைச்சகங்கள் முதலில் கைவைப்பது இப்படிப்பட்ட தொகைகளில்தான்.

சிறிய உலை என்று சொன்னால்

தொகுப்பு சிறியது என்ற ஆட்சேபத்துக்கு இப்போது கிடைக்கும் பதில், 300 மெகாவாட்டுக்குக் கீழான சிறு உலைகள். தர்க்கம் சரியானது: ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம், ஒரே நேரத்தில் பெருங்கடன் வேண்டாம், ஒன்று நின்றாலும் தொகுப்பு தாங்கும். நடைமுறையில் இயங்குபவை மிகச் சில. ரஷ்யாவின் பெவெக் துறைமுகத்தில் மிதக்கும் நிலையம் தலா 35 மெகாவாட் கொண்ட இரண்டு உலைகளுடன் 2020 முதல் இயங்குகிறது. சீனாவில் வாயுவால் குளிர்விக்கப்படும் சிறு உலை 2023 டிசம்பரில் வணிகமுறையில் இயங்கத் தொடங்கியது. அமெரிக்காவில் பெரிதும் பேசப்பட்ட நியூஸ்கேல் நிறுவனத்தின் முதல் திட்டம், மதிப்பிடப்பட்ட விலை ஒரு மெகாவாட்-மணிக்கு (1000 யூனிட்டுக்கு) 58 டாலரிலிருந்து 89 டாலராக உயர்ந்த பின், 2023 நவம்பரில் கைவிடப்பட்டது. ஆகவே அறிக்கை சிறு உலையை முன்மொழிந்தால் விலைப்பட்டியலைக் கேட்காதீர்கள். ஓராண்டாவது முழுமையாக இயங்கிய அதே மாதிரி எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். கண்காணிப்பு ஆணையம், சட்டம், பயிற்சி, கழிவு ஏற்பாடு ஆகியவற்றின் செலவு உலையின் அளவுக்கு ஏற்பக் குறையாது என்பதும் நினைவிருக்கட்டும்.

மாற்றுவழிகளோடு ஒப்பிடும் அட்டவணை கடைசி அத்தியாயத்தில் இருக்கும். அதில் சூரிய மின்சாரத்தின் யூனிட் விலையைத் தனியாக வைத்து அணுமின்சாரத்தைத் தோற்கடிப்பதும் தவறு, சேமிப்புக் கலங்களின் விலையைப் பத்தாண்டு பழைய எண்ணில் வைத்து அணுமின்சாரத்தை வெல்ல வைப்பதும் தவறு. மாலை உச்ச நேரத்தில் தேவையான மின்சாரத்தை இரு வழிகளிலும் தர மொத்தம் எவ்வளவு செலவாகும் என்ற ஒப்பீடே பொருத்தமானது. நாட்டுக்கு நாடு விடை மாறும். கென்யாவில் மின்சாரத்தின் ஏறத்தாழ 40 விழுக்காடு புவிவெப்பத்திலிருந்து வருகிறது. உச்சத் தேவை 2,000 மெகாவாட்டைத் தாண்டியது. அத்தகைய வளமில்லாத, நிலப்பரப்பு குறைந்த, தொழிற்சாலைத் தேவை வேகமாக வளரும் நாட்டுக்கு அணுமின்சாரத்தின் வாதம் வலுவாக இருக்கலாம்.

வெளியேறும் வழி

இறுதியாக ஒப்பந்தத்தில் ‘முறித்துக்கொள்ளல்’ பற்றிய பிரிவைத் திறந்து பாருங்கள். பன்னாட்டு முகமையின் வழிகாட்டுதலில் முதல் கட்டத்தின் முடிவு, விவரமறிந்து உறுதியளிக்கும் நிலையை அடைவது. வேண்டாம் என்று முடிவெடுப்பதும் அந்தக் கட்டத்தின் சரியான விளைவாகலாம். அங்கே விலகுவது மலிவு. வியட்நாம் நிந் துவான் மாகாணத்தில் திட்டமிட்டிருந்த நிலையங்களைக் கட்டுமானம் தொடங்கும் முன்பே 2016 நவம்பரில் கைவிட்டது. கடனில் மூழ்கவில்லை, 2024 இறுதியில் நிலைமை மாறியபோது திட்டத்தை மீண்டும் கையிலெடுக்கவும் முடிந்தது. பிலிப்பைன்ஸின் கதை வேறு. படானில் 1976இல் தொடங்கிய 621 மெகாவாட் நிலையம், 200 கோடி டாலருக்கு மேல் விழுங்கி, ஊழல் குற்றச்சாட்டுகளுக்கிடையே கட்டி முடிக்கப்பட்டது. 1986இல் ஆட்சி மாறியது, செர்னோபில் விபத்தும் நிகழ்ந்தது. எரிபொருள் ஏற்றப்படாமலேயே நிலையம் பூட்டப்பட்டது. ஒரு யூனிட் மின்சாரம்கூடத் தராத அந்த நிலையத்துக்கான கடனை நாடு 2007 வரை அடைத்தது.

எனவே அந்தப் பிரிவில் தேட வேண்டியவை தேதிகளும் தொகைகளும்: எந்த நாள் வரை விலகினால் ஆய்வுச் செலவு மட்டும், எந்த நாளுக்குப் பின் உபகரண முன்பணம், எந்த நாளுக்குப் பின் முழுக் கடன். ‘இரு தரப்பும் பேசித் தீர்த்துக்கொள்ளும்’ என்று மட்டும் அங்கே எழுதியிருந்தால், நாடாளுமன்றத்திலோ பொது விசாரணையிலோ எழுப்ப வேண்டிய முதல் கேள்வியை அந்தப் பக்கத்திலிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள்.